தக்காளியில் பக்கக் கிளையைக் கிள்ள வேண்டுமா, விட வேண்டுமா?

உறையூர் மாடி (திருச்சி):

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடியில் தக்காளி வைத்திருக்கிறேன். ஒரு வரிசை பி.கே.எம். 1, நர்சரியில் நாற்றாக வாங்கியது. இன்னொரு வரிசை செர்ரித் தக்காளி, விதை போட்டு நானே எடுத்த நாற்று. எல்லாம் 15 அங்குலப் பை. செம்மண், தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம் கலந்த கலவை. கார்த்திகைக் கடைசியில் நட்டது. பி.கே.எம். முழங்காலைத் தாண்டி நன்றாக அகன்று நிற்கிறது. செர்ரி கைப்பிடிச் சுவரையே தாண்டிவிட்டது, காற்றடித்தால் சாய்கிறது.

இப்போது ஒவ்வொரு இலைக் கணுவிலும் புதுத் தளிர் வருகிறது. யூடியூபில் பார்த்தால் எல்லோரும் அதை 'சக்கர்' என்கிறார்கள், சத்தை எல்லாம் உறிஞ்சிவிடும், ஒன்று விடாமல் கிள்ளிவிடு, பழம் பெரிதாக வரும் என்கிறார்கள். என் மாமியார் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். "பூவெடுத்த செடியில கை வைக்காதே" என்று ஒரே பிடியாக நிற்கிறார். இருவர் சொல்வதிலும் நம்பிக்கை இருப்பதால் கத்தரியை எடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

அடியில் இருக்கும் இலைகள் மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. சிலவற்றில் பழுப்பாக வளையம் வளையமாகப் புள்ளி. அதையாவது எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தேனி தோட்டக்காரர்:

வணக்கம்மா. உங்கள் மாமியார் சொல்வதும் சரி, வீடியோவில் சொல்வதும் சரி. இருவரும் வேறு வேறு செடியைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். உங்கள் மாடியில் அந்த இரண்டு செடியுமே இருக்கின்றன.

தக்காளியில் புதராக நிற்கும் சாதி ஒன்று, கொடியாக ஏறிக்கொண்டே போகும் சாதி ஒன்று. பி.கே.எம். 1 புதர்ச் சாதி. எங்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான ரகம். தேனிக்குப் பக்கத்தில் அன்னஞ்சி என்று ஊர் இருக்கிறது, அந்த ஊர் நாட்டுத் தக்காளியில் இருந்து எடுத்தது. பழம் கொஞ்சம் தட்டையாக, காம்புப் பக்கம் தோளில் பச்சை படிந்து இருக்கும், பார்த்தாலே தெரியும். எங்கள் பக்கம் இதைக் காலங்காலமாகக் கம்பு கூட இல்லாமல் தரையில் விட்டு வளர்த்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றியிருக்கிறார்கள். ஒருவரும் போய்ப் பக்கக் கிளையைக் கிள்ளிக்கொண்டு நின்றதில்லை. கிள்ளினால் நஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஏன் நஷ்டம் என்று சொல்கிறேன். புதர்ச் செடியில் நடுத்தண்டு ஓர் அளவு வளர்ந்ததும் அதன் நுனியே பூங்கொத்தாக முடிந்துவிடும். அதற்கு மேல் அந்தத் தண்டு போகாது. பிறகு செடி வளர்வதும் பூப்பதும் காய்ப்பதும் பக்கக் கிளைகளில்தான். நீங்கள் பக்கக் கிளையை எல்லாம் கிள்ளிவிட்டால் நான்கைந்து கொத்தோடு செடி நின்றுவிடும். 'சத்தை உறிஞ்சுகிறது' என்ற பேச்சை மனதில் இருந்து எடுத்துவிடுங்கள். தளிராக இருக்கும் சில நாள்தான் அது தாய்த்தண்டிடம் வாங்கிச் சாப்பிடும். இரண்டு மூன்று இலை விரிந்துவிட்டால் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்து, காய்க்கும் அதுவே கொடுக்கும்.

செர்ரி அப்படி இல்லை. பெரும்பாலான செர்ரி ரகம் கொடிச் சாதி. அதன் குருத்து முடியவே முடியாது. பூங்கொத்து தண்டின் பக்கத்தில் வரும், குருத்து மேலே போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு கிளை விட்டு, அந்தக் கிளையும் அதே மாதிரி ஓட ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் புதராகிக் காற்றே உள்ளே போகாது. வீடியோவில் கிள்ளச் சொல்வது இதைத்தான்.

எது எந்தச் சாதி என்று பாக்கெட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாவிட்டால் செடியையே பாருங்கள். ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த பூங்கொத்துக்கும் நடுவில் எத்தனை இலை என்று எண்ணுங்கள். மாறாமல் மூன்று மூன்று இலை விட்டுக் கொத்து வந்தால் கொடி. மேலே போகப் போக ஒன்று, இரண்டு இலைக்கே கொத்து வந்து, நுனியில் குருத்துக்குப் பதில் பூ உட்கார்ந்திருந்தால் புதர்.

சரி, இனி செய்ய வேண்டியது.

பி.கே.எம். செடியில் முதல் பூங்கொத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே, மண்ணை ஒட்டி வரும் தளிர்களை மட்டும் எடுத்துவிடலாம். மண்ணைத் தொடும் இலை, மஞ்சளான இலை, வளையப் புள்ளி விழுந்த இலை எல்லாம் எடுத்தே ஆக வேண்டும். அந்த வளையப் புள்ளி இலைக்கருகல் நோய். பூஞ்சணம் மண்ணிலும் பழைய செடிக் குப்பையிலும் இருக்கும். நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது தெறிக்கும் மண்தான் அதை அடி இலைக்கு ஏற்றிவிடுகிறது, அங்கிருந்து படிப்படியாக மேலே ஏறும். எடுத்த இலையைப் பையிலேயே போடாதீர்கள், உரக்குழியிலும் வேண்டாம். பிறகு பையில் காய்ந்த சருகோ வைக்கோலோ ஒரு விரல் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள், மண் தெறிக்காது. தண்ணீரை இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள்.

முதல் கொத்துக்கு மேலே இருக்கும் எதையும் தொடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் ஊர் வெயில். தை போய் மாசி வரும், பங்குனியில் திருச்சி மாடி எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். இலைதான் காய்க்குக் குடை. இலையை எடுத்துவிட்டால் வெயில் நேராகப் படும் பக்கம் முதலில் வெளுக்கும், பிறகு சுருங்கி மெலிந்து கொப்புளம் மாதிரி ஆகும், கடைசியில் அந்த இடத்தில் கறுப்புப் பூஞ்சணம் ஏறும். கிட்டத்தட்ட தேறிவிட்ட காய், கண் முன்னே வீணாகும். அதோடு காயின் சூடு 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் சிவப்பு நிறம் சரியாக ஏறாது, மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். கூடக் கொஞ்சம் காற்றோட்டம் கிடைக்கட்டும் என்று நடுவில் இலையைக் கழிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

செர்ரிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ராத்திரி எழுதுகிறேன். தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.


ஸ்காபுறோ தோட்டம் (ரொறன்ரோ):

தேனி ஐயா சொன்னதற்கு ஒரு சாட்சி மாதிரி இதை எழுதுகிறேன். இங்கே நாங்கள் தக்காளிக் கன்றை வெளியில் நடுவது மே மாதக் கடைசியில், விக்டோரியா டே நீள்விடுமுறை கழிந்த பிறகு. அதற்கு முன் நட்டால் இரவுக் குளிரில் போய்விடும். ஒக்ரோபரில் உறைபனி வந்து எல்லாவற்றையும் கருக்கிவிடும். இடையில் கிடைக்கிற அந்தச் சில மாதத்துக்குள் காய் பழுக்க வேண்டும். அதனால்தான் இங்குள்ளவர்கள் பக்கக் கிளையைக் கிள்ளி ஒற்றைத் தண்டாக ஏற்றுகிறார்கள். மொத்தக் காய் குறையும், ஆனால் இருக்கிற காய் பெரிதாகவும் கொஞ்சம் முந்தியும் பழுக்கும். ஓகஸ்ட் நடுவில் குருத்தையும் கிள்ளிவிடுவோம், அதற்குப் பிறகு பூக்கிற பூ பழமாவதற்கு நாள் காணாது. இந்த வீடியோக்களில் பெரும்பாலானவை இப்படியான குளிர் நாட்டில் எடுத்தவை. வெயிலைப் பற்றி அவர்கள் பேசவே மாட்டார்கள், அவர்களுக்கு அது போதாத பொருள்.

யாழ்ப்பாணத்தில் அம்மா தோட்டத்தில் ஒரு நாளும் கிள்ளியதில்லை. இங்கே வந்த பிறகு நான் ஒவ்வொரு கிழமையும் கிள்ளுகிறேன். இரண்டு இடத்திலும் நல்ல விளைச்சல்தான். தங்கச்சி, உங்களிடம் நாள் நிறைய இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.


ஓசூர் நிழல்வலை:

நான் நிழல்வலைக்குள் கொடித் தக்காளி செய்கிறவன். செர்ரி பற்றி என் அனுபவம்.

பக்கத் தளிர் எங்கே வரும் என்பதை முதலில் கண்ணுக்குப் பழக்குங்கள். இலைக்காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் வருவது பக்கக் கிளை. பூங்கொத்து அந்தக் கக்கத்தில் வராது, இரண்டு கணுவுக்கு நடுவில் வெறும் தண்டில் இருந்து நேராகக் கிளம்பும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பூவைக் கிள்ளிவிடும் ஆபத்து இல்லை. சந்தேகம் என்றால் நாலு நாள் விடுங்கள், தானே காட்டிக்கொடுக்கும்.

தளிர் சுண்டுவிரல் நீளம் இருக்கும்போதே எடுப்பது நல்லது. கத்தரி வேண்டாம். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து ஒரு பக்கமாக மடக்கினால் அடியோடு பட்டென்று ஒடிந்து வரும். அந்த வடு சின்னது, பகலுக்குள் காய்ந்துவிடும். கீழ்நோக்கி இழுத்தால் தண்டின் தோலோடு உரிந்து வரும், அது கெடுதல். காலையில் பனி காய்ந்த பிறகு செய்யுங்கள். ஈரமாக இருக்கும் செடியையும் மழை நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

கவனிக்காமல் விட்டுப் பென்சில் கனத்துக்குத் தடித்துப்போன கிளையை அடியோடு எடுக்காதீர்கள், காயம் பெரிதாகிவிடும். அதன் நுனியை மட்டும் கிள்ளி, அடியில் ஓரிரண்டு இலையை விட்டுவிட்டால் அது நிழலுக்கு ஆகும்.

பசுமைக்குடிலில் நாங்கள் ஒற்றைத் தண்டாகச் சணலில் சுற்றி ஏற்றுவோம், அங்கே செடி நெருக்கமாக நிற்பதால் வேறு வழி இல்லை. மாடியில் அது தேவையில்லை. இரண்டு தண்டு விடுங்கள். முதல் பூங்கொத்துக்குச் சரியாகக் கீழே ஒரு கிளை வரும், அதுதான் உள்ளதிலேயே வலுவான கிளை. அதை இரண்டாவது தண்டாக வைத்துக்கொண்டு, மற்றதை வாரம் ஒரு முறை பார்த்துக் கிள்ளினால் போதும். தண்டைக் கம்பில் கட்டும்போது எட்டு வடிவத்தில் சணலைத் தளர்வாகக் கட்டுங்கள், தண்டு இன்னும் தடிக்கும்.

ஒரு கூடுதல் தகவல். புதர்த் தக்காளி எப்போதும் இருந்ததல்ல. 1914ல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் தானாக ஏற்பட்ட ஒரு மரபணு மாற்றத்தில் அந்தக் குணம் வந்தது. தன்னைத் தானே கவாத்து செய்துகொள்ளும் செடி என்றுதான் அந்த மரபணுவுக்குப் பெயர் வைத்தார்கள். பி.கே.எம். மாதிரிச் செடிக்கு நாம் போய்க் கவாத்து செய்வது ஏற்கெனவே முடிந்த வேலை என்பதற்கு அதுவே போதும்.


கரூர் செடிகொடி:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வீட்டில் யாராவது புகையிலை போடுகிறவர்களோ பீடி சிகரெட் பிடிக்கிறவர்களோ இருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தக்காளியைத் தொட விடாதீர்கள். புகையிலைத் தேமல் நச்சுயிரி கை வழியாகவே ஒரு செடியில் இருந்து இன்னொன்றுக்குப் போகும். கிள்ளுவது என்றாலே செடியில் காயம், அதே விரல் அடுத்த செடியின் காயத்தில் படும். பாலில் கையை நனைத்துக்கொண்டு வேலை செய்தால் அந்த நச்சுயிரி பரவுவது குறையும், நர்சரிகளில் செய்கிற வழக்கம்தான். இலை சுருண்டு குறுகிப்போன செடி இருந்தால் அதைக் கடைசியில் தொடுங்கள். எங்கள் வீட்டில் அப்பா மாடி ஏறும் முன் கை கழுவும் தொட்டியைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று அம்மா சட்டமே போட்டிருக்கிறார்.


உறையூர் மாடி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பி.கே.எம். ஒன்றில் நுனியில் குருத்தே இல்லை, தேனி ஐயா சொன்னபடி பூங்கொத்துதான் உட்கார்ந்திருக்கிறது. செர்ரியில் எண்ணினால் மூன்று இலை, கொத்து, மூன்று இலை, கொத்து. மாமியாருக்கு ரொம்பச் சந்தோஷம், அடி இலைகளை அவரே எடுத்துச் சருகும் பரப்பிவிட்டார்.

இரண்டு சந்தேகம். செர்ரியில் பூ நிறைய வந்தாலும் சிலது காம்போடு உதிர்கிறது, கிளை அதிகமாக இருப்பதால்தானா? கிள்ளிய தளிரைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, நட்டால் வருமா?


தேனி தோட்டக்காரர்:

நேற்று சொன்னபடி எழுத முடியவில்லை, ஓசூர் தம்பி நான் சொல்ல இருந்ததை என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார். இரண்டு தண்டு என்பதில் எனக்கும் அதே கருத்து. ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். வாரா வாரம் கிள்ளுவதை மாசி பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகு வரும் கிளையை விட்டுவிட்டால் பங்குனி வெயிலுக்கு அதுவே நிழல் கொடுக்கும். காய் அப்போது சிறுத்தாலும் பரவாயில்லை, வெந்து போகாமல் இருக்கும்.

பூ உதிர்வதற்குக் கிளை காரணம் இல்லை. பகலில் 35 டிகிரிக்கு மேல் போனாலோ இரவில் சூடு தணியாமல் இருந்தாலோ மகரந்தம் வீரியம் இழந்துவிடும், கருத்தரிக்காத பூ காம்பில் மஞ்சளாகி உதிரும். தையில் உங்கள் ஊரில் அவ்வளவு சூடு இருக்காது, அதனால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று தண்ணீர். பையை ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் பூ உதிரும், காயின் அடிப்பக்கமும் கறுத்து அழுகும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் தண்ணீர் சீராகப் போகாவிட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது. காலையில் ஒரு முறை, வெயில் ஏறியதும் மாலையிலும் கொஞ்சம் என்று அளவாகக் கொடுங்கள். இரண்டாவது, மண்புழு உரமும் பிண்ணாக்கும் அதிகமாகிவிட்டதா என்று யோசியுங்கள். இலை கரும்பச்சையாக, தடித்து, மேல் இலை உள்ளே சுருண்டு நின்றால் தழைச்சத்து கூடிவிட்டது என்று அர்த்தம். அப்போது ஒரு மாதம் எதுவும் போடாதீர்கள்.

தக்காளிப் பூவில் ஆண் பெண் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. மகரந்தம் குழாய் மாதிரிப் பைக்குள் இருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். வெளியில் காற்றும் நீலப்பட்டை வண்டுத்தேனீ மாதிரி ரீங்காரமிடும் தேனீக்களும் அதைச் செய்கின்றன. நான்கு பக்கமும் சுவர் எழுப்பிய மாடியில் அந்த ரெண்டும் குறைவு. காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் பூங்கொத்துக் காம்பின் பின்புறம் விரல் நுனியால் லேசாகச் சுண்டிவிடுங்கள். வெயிலில் பார்த்தால் மஞ்சள் தூள் பறப்பது கண்ணில் படும். தினமும் செய்ய வேண்டியதில்லை, ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும்.

தளிரைத் தாராளமாக நடலாம். ஒரு சாண் நீளத் தளிராக எடுங்கள், அடி இலைகளை நீக்கிவிட்டு ஒரு கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேர் விட்டுவிடும். தாய்ச்செடி என்ன ரகமோ அதுவேதான், விதையில் இருந்து வருவதைவிட முந்திப் பூக்கும். ஆனால் இலைச்சுருட்டு இருக்கும் செடியில் இருந்து ஒரு தளிர்கூட எடுக்காதீர்கள், அந்த நச்சுயிரி தண்டோடு கூடவே வரும். அது வெள்ளை ஈ கொண்டுவருவது. மாடியில் மஞ்சள் ஒட்டுப்பொறி இரண்டு கட்டித் தொங்கவிடுங்கள், வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். அடுத்த முறை நாற்று வாங்கும்போது அர்க்கா ரக்ஷக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒட்டு ரகம், இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்.

வேர்விட்ட தளிரை இப்போது நட்டால் அது பூக்கும் நேரம் பங்குனி. அதனால் மதிய வெயில் படாத கிழக்குப் பக்கச் சுவரோரம் வையுங்கள், முடிந்தால் 50 சதவீத நிழல் வலை ஒன்றை அந்த மூலைக்கு மட்டும் கட்டுங்கள். நடும்போது தண்டைப் பாதி வரை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள், மூடிய தண்டு முழுக்க வேர் விடும்.


உறையூர் மாடி:

சுண்டிப் பார்த்தேன் ஐயா, தூள் பறந்தது. இரண்டு தளிர் குடுவையில் இருக்கிறது. பி.கே.எம். காய் தோளில் பச்சையாக இருக்கும்போது பறிக்கலாமா, அது போகும்வரை காத்திருக்க வேண்டுமா?


தேனி தோட்டக்காரர்:

காத்திருக்காதீர்கள். அடிப்பக்கம் இளஞ்சிவப்பு தட்டியதும் பறித்து, கூடையில் ஒரே அடுக்காகக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குள்ளேயே பழுத்துவிடும். முழுக்கச் சிவக்கட்டும் என்று செடியில் விட்டால் அணிலுக்கும் மைனாவுக்கும்தான் போகும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், ருசி போய்விடும்.